பழைய கம்ப்யூட்டரை மூலையில் போடாதீங்க!



விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல் வந்தது. 2014 ஏப்ரல் 8-ஓடு மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டது. அதனால் அதை இன்டர்நெட்டில் இணைக்கக் கூடாது. ஆனால் லேபுக்குள்ளேயே இரண்டு எக்ஸ்பி கம்ப்யூட்டரை இணைத்துப் பாடங்களைப் பகிரலாம், ஒரே பிரிண்டரைப் பயன்படுத்தலாம். நம்ம ஊர்ப் பூட்டு திறக்கலைன்னா முதல்ல சாவி சரியான்னுதானே பார்ப்போம்? "நெட்வொர்க் வரலை"ன்னாலும் அப்படித்தான். வரிசையாப் பார்க்கணும்.

1. கேபிள்: செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரியுதா? இல்லைன்னா கேபிளைக் கழற்றி "டக்"குனு சத்தம் வரும்படி செருகுங்க. சுவிட்ச் பெட்டிக்குக் கரண்ட் வருதான்னும் பாருங்க.

2. முகவரி: ஸ்டார்ட், ரன் போய் "சிஎம்டி" கொடுத்து, "ஐபிகான்ஃபிக்" என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்க. 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க வேண்டிய ரவுட்டர் பதில் சொல்லலை, கம்ப்யூட்டர் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரே இல்லாத லேபில் நாமே எண் கொடுக்கலாம். ஒன்றுக்கு 192.168.1.11, மற்றதுக்கு 192.168.1.12. இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதனால் ஒரே எண்ணை இரண்டுக்கும் கொடுக்காதீங்க.

3. கிளையண்ட்: லோக்கல் ஏரியா கனெக்‌ஷனின் பிராப்பர்டீஸில் "கிளையண்ட் ஃபார் மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க்ஸ்" என்பதில் டிக் இருக்கணும். அது இல்லைன்னா பக்கத்து கம்ப்யூட்டரின் ஃபோல்டர் திறக்காது. ஃபோல்டர் தருகிற கம்ப்யூட்டரில் அதற்குக் கீழே உள்ள "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்"கிலும் டிக் வேணும்.

4. ஒர்க்குரூப்: எக்ஸ்பி ஹோமில் "எம்எஸ்ஹோம்" என்றும், புரொஃபஷனலில் "ஒர்க்குரூப்" என்றும் பெயர் இருக்கும். இரண்டிலும் ஒரே பெயர் வைத்தால்தான் ஒரே பட்டியலில் தெரியும்.

5. பிங்: மற்ற கம்ப்யூட்டரின் எண்ணைப் போட்டு பிங் கொடுங்க. பதில் வரலைன்னா உடனே கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க. ஃபயர்வால் தடுத்திருக்கலாம்.

முக்கியமானது: ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்க. மாற்றுவதற்கு முன் பழைய எண்ணை நோட்டில் எழுதுங்க. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்க. நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியாச்சுன்னே தெரியாது.

ஒரே கம்ப்யூட்டரை நாலு பேர் முண்டியடிச்சுப் பார்க்கிற இடத்தில், இன்னொன்று பிழைத்தால் ரெண்டு ரெண்டு பேரா உட்காரலாமே!



– 9-ஆம் வகுப்பு மாணவி