மூளைக்கு ஒரு கடிவாளம்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

சென்ற ஆண்டு எங்கள் பெரியம்மாவுக்குக் காசநோய் கண்டது. மருத்துவமனையில் கொடுத்த பெரிய மாத்திரைகளை நாள் தவறாமல் விழுங்கிய அவர், கூடக் கொடுத்த சின்னஞ்சிறு மாத்திரையை மட்டும் டப்பாவிலேயே விட்டுவைத்தார். “அது வெறும் சத்து மாத்திரைதானே, கீரை தின்றால் போதாதா?” என்பது அவர் வாதம். சில மாதங்களில் அவருடைய பாதங்கள் மரத்துப்போய், நெருப்பை மிதித்தாற்போல் எரியத் தொடங்கின. மருத்துவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, “பெரிய மாத்திரை எடுத்துக்கொண்டதைச் சின்ன மாத்திரைதானம்மா திருப்பிக் கொடுக்கும்!” என்றாராம். அது என்ன கணக்கு என்று அறிவியல் பாடம் எடுக்கும் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் விளக்கியதையும், பிறகு நான் படித்தறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பெரிய மாத்திரைகளில் உள்ள முக்கியமான மருந்து ஐசோநையாசிட். 1912ஆம் ஆண்டிலேயே பிராகு நகரில் இரண்டு வேதியியலார் இதைத் தயாரித்துவிட்டனர். ஆனால் இது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது 1952இல்தான் உலகுக்குத் தெரிந்தது. நாற்பது ஆண்டுகள் கையில் மருந்தை வைத்துக்கொண்டே மக்கள் மாண்டிருக்கிறார்கள்! 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், இம்மருந்தை முக்கியமாகக் கொண்ட சிகிச்சையை நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே பெற்றாலும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைவார்கள் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது.

இத்தனை நல்ல மருந்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பைரிடாக்சின் எனப்படும் பி6 வைட்டமினோடு இது ஒட்டிக்கொண்டு, அதைச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகிறது. மிஞ்சியிருக்கும் வைட்டமினும் வேலைக்குரிய வடிவத்தை அடையாதபடி தடுக்கிறது.

சரி, பி6 போனால் மூளைக்கு என்ன? நம் மூளையில் குளூட்டமேட் என்றொரு பொருள் உண்டு. அது நரம்பணுக்களைத் தூண்டிவிடும். காபா என்ற மற்றொன்று அவற்றை அடக்கிவைக்கும். வியப்பு என்னவென்றால், அந்தக் குளூட்டமேட்டிலிருந்துதான் காபாவே உண்டாகிறது. எங்கள் வகுப்பில் அதிகமாகப் பேசுகிறவளையே தலைவியாக்கிவிடுவார்கள். அவளும் மறுநாளே மற்றவர்களை “உஷ்!” என்று அதட்டுவாள் (நானே அப்படித் தலைவியானவள்தான்). அந்த மாற்றத்தை ஒரு நொதி செய்கிறது. பி6 இல்லாமல் அந்த நொதியால் வேலை செய்ய இயலாது. தலைவிக்குரிய பட்டையைக் குத்திவிட ஊக்கு இல்லாதது போல. பி6 மிகவும் குறைந்துவிட்டால் தூண்டும் பொருள் இருக்கிறது, அடக்கும் பொருள் இல்லை. கடிவாளம் அறுந்த குதிரை போல நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் துள்ளுகின்றன. அதுவே வலிப்பு.

மருந்தே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புட்டிப்பால் குடித்த சில கைக்குழந்தைகளுக்குக் காரணம் தெரியாமல் வலிப்பு வந்தது. ஒரு வகைத் திரவப் பாலைத் தயாரித்தபோது, சூட்டில் அதிலிருந்த பி6 அழிந்துபோயிருந்தது. பைரிடாக்சின் கொடுத்ததும் வலிப்பு நின்றது.

மருத்துவர் சொன்ன அளவில் ஐசோநையாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு வலிப்பு வருவது அரிது. பெரும்பாலும் பெரியம்மாவுக்கு வந்ததைப் போலக் கைகால் நரம்புகளே முதலில் துன்பப்படும். சர்க்கரை நோயாளிகள், கருவுற்ற தாய்மார், உணவு போதாதவர்கள், மது அருந்துவோர் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். இதைச் சிறிதளவு பைரிடாக்சினால் தடுக்கலாம் என்பதையும் அதே சேத்துப்பட்டு மையம் 1963இல் வெளியிட்டது. அதற்காக வைட்டமின்தானே என்று அள்ளி விழுங்கவும் கூடாது. பி6 மிக அதிகமாக நெடுநாள் உடலில் சேர்ந்தால் அதுவும் நரம்பைக் கெடுக்கும்.

பேராபத்து, குழந்தைகள் மிட்டாய் என்று எண்ணி இம்மாத்திரைகளை நிறைய விழுங்கிவிடும்போதுதான். அப்போது வரும் வலிப்பு எளிதில் நிற்காது. வழக்கமாகப் போடும் ஊசிமருந்து காபாவின் வலிமையைக் கூட்டுவது. காபாவே இல்லாதபோது அது எதைக் கூட்டும்? உட்கொண்ட ஐசோநையாசிட் எத்தனை கிராமோ அத்தனை கிராம் பைரிடாக்சினை இரத்தக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். பெரியம்மா அலட்சியம் செய்த அதே மருந்து!

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மறக்காமல் அந்தக் காலி மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவருக்குப் பைரிடாக்சின் நினைவு வரும்.