பாட்டில் பாம்: அழகும் ஆபத்தும்

கல்யாண மண்டப வாசலிலும் பங்களாக்களின் முன்பும் சீசா மாதிரி அடி பெருத்து நிற்கும் குட்டை மரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பாட்டில் பாம். நர்சரியில் காசு கொடுத்தால் கிடைக்கிற செடிதானே, இதிலென்ன அபூர்வம் என்று கேட்கலாம். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சொந்த ஊர்

இதன் தாயகம் இந்தியப் பெருங்கடலில் மொரீஷியசுக்கு வடக்கேயுள்ள ரவுண்ட் தீவு. அந்தச் சின்னத் தீவில் முன்பு மனிதர்கள் ஆடுகளையும் முயல்களையும் கொண்டுபோய் விட்டார்கள். முளைத்த கன்றையெல்லாம் அவை மேய்ந்துவிட, கிழட்டு மரங்கள் சில மட்டும் மிஞ்சின. 1979க்குள் ஆடுகளையும், 1986இல் முயல்களையும் முழுசாக ஒழித்த பிறகே கன்றுகள் தலைதூக்கின.

விதை ஒன்றே வழி

மா, ரோஜா போல இதை ஒட்டுக்கட்டவோ பதியம் போடவோ முடியாது. ஒரே தண்டு, உச்சியில் ஒரே குருத்து. குருத்து போனால் மரமே போச்சு. ஆகவே விதைதான் கதி.

விதையும் கைகொடுக்காவிட்டால்? இதன் உறவுப் பனையான ஹையோஃபோர்பி அமாரிகாலிஸ் என்ற இனத்தில் உலகத்திலேயே ஒரே ஒரு முதிர்ந்த மரம், மொரீஷியசின் கியூர்பீப் தாவரத் தோட்டத்தில் நிற்கிறது. அதில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே சமயத்தில் மலர்வதில்லை. விதைக்குள்ளிருந்து கருவை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். முந்தைய முயற்சிகளில் மண்ணுக்கு மாற்றிய நாற்றுகள் பட்டுப்போயின.

வளர்க்கும் முறை

1. பழுத்த காயின் சதையை நீக்கி, விதையை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைக்கவும்.
2. மணலும் மக்கிய எருவும் கலந்து, அரை நிழலில் விதைக்கவும். முளைக்க மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்காதீர்கள்!
3. ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.
4. மரத்தில் எப்போதுமே சில மட்டைகள்தான் இருக்கும். அழகுக்காகப் பச்சை மட்டையை வெட்டக்கூடாது.

கணக்கு வேண்டும்

ரோட்ரிக்ஸ் தீவின் ஸ்பிண்டில் பாம் பக்கத்தில் இருந்தால் மகரந்தம் கலந்து கலப்பின விதை உண்டாகும். பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் இனத்தைக் காக்க உதவாது. எனவே தோட்டங்களில் ஆயிரம் மரம் நின்றாலும் தாயகத்து மரத்துக்கு அவை ஈடாகா.

ஒர்க்‌ஷாப்பில் நாம் செய்த ஜாபில் ரோல் நம்பர் குத்துகிறோம் இல்லையா? அதேபோல, எந்த மரத்து விதை, எந்தத் தேதியில் எடுத்தது, பக்கத்தில் என்ன பனை இருந்தது என்று தகரத்தில் எழுதிக் கன்றில் கட்டுவோம். அந்தக் கணக்கு இருந்தால்தான் நம் மரம் வெறும் அலங்காரமாக நிற்காமல் நாளைக்கு விதை மரமாகவும் உதவும்.

வளர்ப்போம், கணக்கோடு வளர்ப்போம்!