உன் பேச்சில் குறையில்லை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்தது. சென்னை விடுதியில் உன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், சாதிச் சான்றிதழில் ‘மலையாளி’ என்றிருப்பதைப் பார்த்து “கேரளாவா?” என்கிறார்கள், அதனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நோம் சாம்ஸ்கி என்பவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். 1928இல் அமெரிக்காவில் பிறந்த மொழியியலாளர். 1957இல் வெளிவந்த அவருடைய சின்னப் புத்தகம் ஒன்று மொழியியலின் போக்கையே மாற்றியது. கேட்டதைத் திருப்பிச் சொல்லிப் பழகித்தான் குழந்தை மொழி கற்கிறது என்று அப்போது பலர் நம்பினார்கள். யாரும் சொல்லாத வாக்கியத்தையும் குழந்தை சொல்கிறதே, அது எப்படி என்று கேட்டார் சாம்ஸ்கி. மொழியைக் கட்டும் திறன் மனிதப் பிறவியோடு வருவது என்பது அவர் வாதம். இதை ஏற்காத அறிஞர்களும் உண்டு. ஆனால் இலக்கணம் இல்லாத பேச்சு எந்த மக்களிடமும் இல்லை என்பதில் அவர்களுக்குள் சண்டையே இல்லை.

நம் கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள், “மழையில நனைஞ்ச ஆட்டை ஓட்டிட்டு வந்த அக்காவுக்குக் காய்ச்சல் சார்” என்றாய். ஒரே வாக்கியத்துக்குள் எத்தனை சங்கதி! பெயரெச்சம் என்ற சொல்லே உனக்கு அப்போது தெரியாது. அந்தப் பேச்சையா குறை என்கிறார்கள்? ஏட்டுத் தமிழையும் நன்றாகக் கற்றுக்கொள், தேர்வுக்கும் வேலைக்கும் அது வேண்டும். அதற்காக வீட்டுப் பேச்சை ஒளித்துவைக்காதே.

சாம்ஸ்கிக்கு இன்னொரு முகம் உண்டு. வியட்நாம் போர் நடந்த 1967இல், அதிகாரம் சொல்லும் பொய்யை வெளிப்படுத்துவது படித்தவர்களின் கடமை என்று எழுதினார். 1988இல் எட்வர்ட் ஹெர்மனோடு சேர்ந்து, பத்திரிகைகள் யாருடைய சாவைப் பெரிதாக எழுதுகின்றன, யாருடைய சாவைக் கடந்துபோகின்றன, செய்தி யார் வாயிலிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். மொழியியலையும் அரசியலையும் அவர் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்லை. நாம் இரண்டையும் பக்கத்தில் வைத்து நம் மலையைப் பார்ப்போம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ‘கள்ளச்சாராயம் உயிர்களைக் குடித்தது’ என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார். இதில் எழுவாய் சாராயம். மெத்தனாலைக் கலந்தவன், விற்றவன், தெரிந்தும் விட்டவன் யாருமே அந்த வாக்கியத்தில் இல்லை. ‘கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிப்பு’ என்ற செய்தியையும் எடுத்துக்கொள். சொன்னவர் அதிகாரி, எழுதியவர் நிருபர். மலைக்காரர் வாய்ச்சொல் ஒன்றாவது அதில் இருக்கிறதா?

நம் மலையின் பழைய கதைக்கும் இதே கேள்விதான். நாட்டுக்குச் சுதந்திரம் 1947இல். நம் மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது 1976இல். அதுவரை உன் தாத்தா காலத்து மக்கள் ஜாகீர்தார்களின் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். அந்தக் கதையை யார் எழுதினாலும், ஜாகீர்தார் வீட்டுச் சொல்லில் இருக்கிறதா, உழைத்தவர் சொல்லில் இருக்கிறதா என்று பார்த்துப் படி.

‘மலையாளி’ என்ற பெயரையும் யார் சொல்லில் கேட்கிறோம் என்று பார். மலையில் வாழும் தமிழ் பேசும் மக்களின் பெயர் அது. சேலம், தென்னாற்காடு உள்ளிட்ட மாவட்டங்களைக் குறிப்பிட்டே பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. “கேரளாவா?” என்று கேட்டவர்களிடம் கோபப்படாமல் இதைச் சொல். நீ சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

எதைப் படித்தாலும் மூன்றைக் கேள்: இதைச் சொன்னது யார்? எழுவாய் எங்கே போனது? பேச விடாதது யாரை?

நாளை வகுப்பில் கையைத் தூக்கு, கண்ணு. நம் மலைப் பேச்சிலேயே ஒரு கேள்வி கேள். என்ன கேட்டாய் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்,
கச்சிராயபாளையம்