அதே வயது, அதே புதிர்

உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு அங்கே ஒரு சோதனை நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதை நடத்தினார்கள். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பையன்கள் 642 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேர் மேல்சாதி என்று சொல்லப்படும் குடும்பங்களின் பிள்ளைகள். பாதிப் பேர் தாழ்ந்த சாதி என்று ஊரார் ஒதுக்கி வைத்த குடும்பங்களின் பிள்ளைகள்.

பாடத்தில் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கையில் ஒரு புதிர்த் தாளைத்தான் கொடுத்தார்கள். தாளில் வளைந்து வளைந்து போகும் பாதைகள் இருக்கும். பல பாதைகள் நடுவில் அடைபட்டிருக்கும். பென்சிலால் கோடு போட்டு, சரியான வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். நேரம் 15 நிமிடம். சில குழுக்களுக்கு, முடித்த ஒவ்வொரு புதிருக்கும் 1 ரூபாய் பரிசு. பிள்ளைகளுக்கு அது ஆசை காட்டும் காசுதான்.

ஒரு குழுவில் 6 பையன்கள். சில குழுக்களில் யார் என்ன சாதி என்று யாரும் பேசவில்லை. அங்கே இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு புதிர்களை முடித்தார்கள். மூளையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

வேறு சில குழுக்களில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு பையனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் மற்றவர்கள் முன்னால் சத்தமாகச் சொன்னார்கள். "சரிதானே?" என்று கேட்டார்கள். பையன் தலையை ஆட்ட வேண்டும். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை. யாரும் அடிக்கவில்லை.

பிறகு அதே மாதிரிப் புதிர்களைக் கொடுத்தார்கள். ஒதுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் முடித்த புதிர்கள் ஏறக்குறைய 5-ல் 1 பங்கு குறைந்துபோயின.

ஒரு பையன் தலையை ஆட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடிகூட ஆகாது. அந்த ஒரு நொடி அடுத்த 15 நிமிடத்தைத் தின்றுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இது தினமும் நடக்கிறது. "உங்க அப்பா என்ன வேலை செய்கிறார்?" "நீ எந்தத் தெரு?" என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு உட்காரும் பிள்ளைக்கு அதற்குப் பிறகு பாடம் எங்கே ஏறும்? எப்படி எழுதினாலும் நமக்கு இவ்வளவுதான் போடுவார்கள் என்ற எண்ணம் வந்துவிடும். பென்சில் பிடித்த கை தளர்ந்துவிடும்.

அந்த எண்ணம் வெறும் பயமா? அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சி 2012-இல் வெளிவந்தது. நம் நாட்டில் ஒரு நகரத்தில் பிள்ளைகள் எழுதிய விடைத்தாள்களை ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாளின் மேல் பெயர், வயது, சாதி எல்லாம் எழுதியிருக்கும். ஆனால் அவை அந்தப் பிள்ளையின் உண்மையான விவரங்கள் இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டது போல, எந்தத் தாளுக்கு எந்தப் பெயர் வேண்டுமானாலும் வரும். தாழ்த்தப்பட்ட சாதி என்று எழுதியிருந்த தாள்களுக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தது. வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் தேர்ச்சிக்கும் தோல்விக்கும் நடுவில் ஒரு மதிப்பெண் போதுமே!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இரண்டு. குறைத்துப் போட்டவர்களில் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். ஊர் சொன்ன சொல் அவர்கள் மனத்திலும் ஊறிக் கிடந்தது போலும். இன்னொன்று, கட்டில் முதலில் திருத்திய தாள்களில்தான் இந்தக் குறை அதிகம். பல தாள்களைப் பார்த்த பிறகு குறைந்துவிட்டது. அவசரமாக எடைபோடும்போது கண் விடையைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்க்கிறது.

அம்பேத்கர் சின்ன வயதில் மராட்டிய நாட்டில் சாத்தாரா ஊரில் படித்தார். வகுப்பில் அவருக்குத் தனி மூலை. உட்கார ஒரு கோணிச் சாக்கு. அந்தச் சாக்கைத் தினமும் வீட்டிலிருந்து கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். பள்ளியைக் கூட்டும் ஆள்கூட அதைத் தொட மாட்டார். தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. அந்தப் பிள்ளை 1913-இல் அமெரிக்கா போய்ப் படித்தது, பிறகு அரசியல் சட்டத்தை எழுதிய குழுவுக்குத் தலைவர் ஆனது எல்லாருக்கும் தெரிந்த கதை. அவரைக் காட்டி, "முயற்சி செய்தால் முடியும்" என்று பிள்ளைகளிடம் சொல்வது சுலபம். அதே மாதிரிச் சாக்கைச் சுருட்டிக்கொண்டு பள்ளியைவிட்டே போன பிள்ளைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை அடிக்கக் கூடாது, மனம் நோகும்படி துன்புறுத்தவும் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. குழுவில் 4-ல் 3 பங்குப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பெற்றோருக்கும் அதில் இடம் உண்டு. கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வர அது கூட்டம் இல்லை. "என் பிள்ளையை ஏன் எப்போதும் கடைசி வரிசையில் உட்கார வைக்கிறீர்கள்?" என்று அங்கே கேட்கலாம்.

கூடிப் பேசுங்கள்:

உங்கள் ஊர்ப் பள்ளியில் முதல் வரிசையில் யார் உட்காருகிறார்கள்? கடைசி வரிசையில் யார்? அதை யார் முடிவு செய்தது?

"பெண் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னதுண்டா? அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள்?