பிரேக்கை விடுவிக்கும் மருந்து

ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளனுக்குப் புற்றுநோயைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு வாயில் புற்று. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த மறுவருடமே திரும்ப வந்துவிட்டது. மருந்துப் பரிசோதனை ஒன்றில் சேரலாம் என்றாராம் டாக்டர். "அண்ணா, இவரை எலி மாதிரி வைத்துப் பார்ப்பார்களோ?" என்று கேட்டார் நண்பரின் மனைவி. அவருக்காகப் படித்ததை இங்கே தருகிறேன்.

நம் ரத்தத்தில் உள்ள டி செல்கள், கெட்டுப்போன செல்களை அழிக்கும் காவலர்கள். அவை வரம்பு மீறாதிருக்க அவற்றில் ஒரு பிரேக் உண்டு. அதன் பெயர் பி.டி.-1. 1992-இல் ஜப்பானியரான தாசுகு ஹோஞ்சோவின் குழு கண்டறிந்தது. 2018-இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் அவர் ஒருவர். புற்றுசெல் இந்தப் பிரேக்கை அழுத்திக் காவலரை நிறுத்திவிடுகிறது. நிவோலுமாப் என்ற மருந்து அதை அழுத்தவிடாமல் தடுக்கிறது.

புது பிரேக் கட்டை வந்தால் ரயில்வேயில் என்ன செய்வோம்? பழைய கட்டை மாட்டிய வண்டிகளோடு ஒரே பாதையில் ஓட்டி ஒப்பிடுவோம். மருந்துக்கும் அதே கதைதான். எவருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கும். 2016-இல் வெளியான ஆய்வில், தலை, கழுத்துப் புற்று திரும்ப வந்த அல்லது பரவிய 361 பேர் இருந்தனர். ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் வழக்கமான மருந்தில் 100-க்குச் சுமார் 17 பேர். நிவோலுமாபில் 36 பேர்.

ஆனால் விலை? நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: கொஞ்சம் கொடுத்தால் போதாதா? வழக்கமான ஊசி 240 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இவர்கள் கொடுத்தது 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. 151 பேருக்கும் குறைந்த அளவு மாத்திரைகள். ஒரு பாதிக்கு மட்டும் கூடவே இந்த ஊசி. 2022-இல் முடிவு வெளியானது. ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் ஊசி இல்லாமல் 100-க்கு 16 பேர். ஊசியோடு 43 பேர். முழு அளவோடு இதை ஒப்பிடவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

பிரேக் தளர்ந்தால் ஆபத்தும் உண்டு. காவலர்களே தைராய்டு, நுரையீரல், குடலைத் தாக்கலாம்.

நண்பரின் மனைவியிடம் மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். குலுக்கலில் விழாவிட்டால் என்ன சிகிச்சை? பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது? நடுவில் விலகலாமா? விலகலாம், அது நோயாளியின் உரிமை. பதில்களைக் கேட்டபின் நண்பர் கையெழுத்திட்டார். எலியாக அல்ல, விவரம் அறிந்தவராக.

வாய்ப்புண் மூன்று வாரம் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். குட்கா, புகையிலைப் பொட்டலத்தை இன்றே எறியுங்கள்.