2050ல் நமக்கு என்ன வயது?



மக்கள்தொகை என்றாலே "எத்தனை கோடி?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இந்த இதழில் நாம் வேறு கேள்வி கேட்போம். அந்தக் கோடியில் குழந்தைகள் எத்தனை, உழைக்கிற வயதுக்காரர்கள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை?

இதைப் படமாகப் போட்டால் சட்டென்று விளங்கும். குழந்தைகளைக் கீழேயும் முதியவர்களை மேலேயும் வைத்து, வயது வாரியாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பட்டை போட வேண்டும். ஆள் அதிகம் என்றால் பட்டை நீளம்.

ஆப்பிரிக்காவில் உள்ள நைஜர் நாட்டுக்கு இப்படிப் போட்டால் கோயில் கோபுரம் மாதிரி வரும். அடி அகலம், உச்சி கூர்மை. அங்கே ஏறக்குறையப் பாதிப் பேர் 15 வயதுக்குக் கீழே. 2050லும் 65 வயதைத் தாண்டியவர்கள் 100க்கு 5 பேர்கூட இருக்க மாட்டார்கள். ஜப்பானுக்குப் போட்டால் அடி ஒடுங்கி மேல்பக்கம் பருத்து நிற்கும். 65ஐத் தாண்டியவர்கள் இப்போதே 100க்கு 29 பேர், 2050ல் சுமார் 37 பேர். நம் இந்தியா குடம் மாதிரி. வயிறு பெருத்திருக்கிறது, அடி சுருங்க ஆரம்பித்துவிட்டது. இங்கே 65க்கு மேல் இப்போது 7 பேர், 2050ல் சுமார் 15 பேர்.

"இத்தனை வருஷம் கழிச்சு நடக்கப்போறது இப்பவே எப்படித் தெரியும், ஜோசியமா?" என்று கேட்கலாம். ஜோசியம் இல்லை. 2050ல் 60 வயதைத் தொட்டிருக்கப் போகிறவர்கள் எல்லாரும் 1990க்குள் பிறந்தவர்கள். அதாவது இன்றைக்குக் குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருக்கிற நாம்தான்! கணிப்பு அதிகம் பிசகக்கூடியது இனிமேல் பிறக்கப் போகிற குழந்தைகளின் கணக்கில்தான்.

கவலை எண்ணிக்கையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள் 100க்கு 7லிருந்து 14 ஆக பிரான்ஸ் நாட்டுக்கு 115 வருஷம் ஆனது. ஜப்பானுக்கு 24 வருஷம்தான், 1970லிருந்து 1994க்குள். நமக்கும் ஏறக்குறைய அதே 25 வருஷம்தான் இருக்கிறது. ஆனால் ஜப்பான் கையில் காசு சேர்ந்த பிறகு கிழடானது. 2000ஆம் ஆண்டிலேயே முதியோர் பராமரிப்புக்கென்று தனிக் காப்பீடு கொண்டுவந்துவிட்டார்கள். 40 வயதானால் எல்லாரும் அதற்குப் பணம் கட்ட வேண்டும்.

இந்தியாவுக்குள்ளேயும் எல்லா மாநிலமும் ஒன்றுபோல் இல்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் பீகாரில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3 குழந்தை, தமிழ்நாட்டில் 1.8. மத்திய அரசின் கணிப்புப்படி 60 வயதானவர்கள் (கவனியுங்கள், இங்கே கணக்கு 60லிருந்து) 2021ல் பீகாரில் 100க்கு 8 பேர், நம் மாநிலத்தில் 14 பேர். 2031ல் நம்மிடம் 18 பேர் ஆகிவிடுவார்கள்.

இந்தக் கணக்குகளில் 60 தாண்டியவரைச் "சார்ந்திருப்போர்" என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு அது ஒப்பவில்லை. அறுபத்தைந்து வயதிலும் களை எடுத்துவிட்டு வந்து பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர் யாரைச் சார்ந்திருக்கிறார்? ஆனால் அந்த உடம்பு ஒருநாள் ஓய்ந்துதான் போகும். பெண்களுக்கு ஆயுள் கூட. கணவரும் பெரும்பாலும் மூத்தவர். கடைசிப் பத்து வருஷம் நம்மில் பலருக்குத் தனியாகத்தான். அவரைக் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்வது யார்? மகளோ மருமகளோ, அவளும் இன்னொரு குழுவின் உறுப்பினர், அவளுக்கும் தவணை கட்ட வேலைக்குப் போக வேண்டும்.

18லிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்கள், வருமான வரி கட்டாதவர்களாக இருந்தால், பாங்கில் அடல் பென்ஷன் திட்டத்தில் சேரலாம். 60க்குப் பிறகு மாதம் 1,000 ரூபாய் வர, 18 வயதில் சேர்ந்தால் மாதம் 42 ரூபாய், 30 வயதில் 116, 40 வயதில் 291. தள்ளிப்போடத் தள்ளிப்போட எவ்வளவு ஏறுகிறது பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதில் இடமில்லை. அவர்களுக்காகக் குழுச் சேமிப்பிலேயே தனியாக ஒரு முதுமைச் சேமிப்பு வேண்டும் என்பது எங்கள் கருத்து. கடனுக்கு ஈடாக அதைத் தொடக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் ஒரு பயிற்சி. எல்லா உறுப்பினர் வீட்டு ஆட்களையும் எண்ணி, 15 வயதுக்குக் கீழ், 15 முதல் 59, 60க்கு மேல் என்று கோலமாவால் தரையில் மூன்று பட்டை போடுங்கள். பக்கத்திலேயே, எல்லாருக்கும் 25 வயது கூட்டி இன்னொரு தடவை போடுங்கள். இரண்டு படத்தின் எண்ணிக்கையையும் ஊக்குநர் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும்.