கீழாநெல்லி: பயிரும் பக்குவமும்

ஐப்பசி மழை விழுந்து சில நாட்கள் சென்றால் போதும். சேதராப்பட்டின் வரப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் கீழாநெல்லி தானாகவே தலைகாட்டுகிறது. விதைத்தவர் இல்லை, நீர் இறைத்தவர் இல்லை. ஆகையால் அதை ஒரு பயிராக மதிக்கும் வழக்கமும் நம்மிடையே குறைவு. களையோடு களையாகப் பிடுங்கி எறிகிறோம். மூலிகை வாங்குவோர் வந்து கேட்டால், கைக்கு அகப்பட்டதை உலர்த்தி மூட்டை கட்டிக் கொடுத்துவிடுகிறோம். மூட்டையின் மேல் ‘கீழாநெல்லி’ என்று எழுதிவிட்டால் நமது கடமை தீர்ந்தது என்பது பலருடைய எண்ணம்.

அந்த எண்ணம் சரியன்று என்பதே இந்தப் பாடத்தின் பொருள். ஒரு மூலிகையின் பெயர் மருந்தாவதில்லை. அது எந்த இனம், எங்கே வளர்ந்தது, எந்தப் பருவத்தில் அறுக்கப்பட்டது, எவ்வாறு உலர்ந்தது, எதில் வடித்தெடுக்கப்பட்டது என்ற ஐந்தும் சேர்ந்தே அதன் தரத்தை நிர்ணயிக்கின்றன. இவற்றுள் முதல் நான்கும் பயிரிடுவோராகிய நமது கையில் உள்ளன.

சென்னையில் ஒரு முடிவு, பிற நாடுகளில் வேறு முடிவு

மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். காமாலை என்பது தனி நோயன்று; பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அடையாளம். அவற்றுள் ஒன்று ‘ஹெபடைடிஸ் பி’ என்னும் நுண்ணுயிரால் ஈரலுக்கு வரும் நோய். அந்த நுண்ணுயிரைக் கண்டறிந்ததற்காக 1976ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பெர்க், பின்னர் நமது கீழாநெல்லியின்பால் கவனம் செலுத்தினார். அவரும் அவருடன் பணிபுரிந்தோரும், இச்செடியின் வடிநீர் அந்நுண்ணுயிரின் பெருக்கத்திற்கு வேண்டிய ஒரு நொதியைத் தடுக்கிறது என்று 1987இல் எழுதினார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, சென்னையில் எஸ். பி. தியாகராஜன் முதலானோர் புளும்பெர்க்குடன் சேர்ந்து நடத்திய சோதனை ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. வேர் நீக்கி உலர்த்திய செடியின் பொடியை, வேளைக்கு 200 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தார்கள். மருந்து உண்டவர்களில் 37 பேரைச் சோதித்தபோது, 22 பேரின் இரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. இச்செய்தி உலகெங்கும் பேசப்பட்டது.

ஆனால் 1990இல் தாய்லாந்திலும், 1994இல் நியூசிலாந்திலும் வெளிவந்த சோதனைகளில் அந்தப் பயன் கிட்டவில்லை. பல சோதனைகளை ஒருங்கே வைத்து 2011இல் செய்யப்பட்ட காக்ரேன் மதிப்பீடும், ஹெபடைடிஸ் பி நோய்க்குக் கீழாநெல்லி இனங்கள் பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடித்தது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? முதற் சோதனை சிறியது. நோயாளிகளும் நாட்டுக்கு நாடு வேறுபட்டவர்கள். இவற்றோடு இன்னொரு கேள்வியும் எழுந்தது: எல்லா இடங்களிலும் கொடுக்கப்பட்டது ஒரே சரக்குத்தானா? 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் இச்செடியின் பெயர் பில்லாந்தஸ் நிரூரி. 1988ஆம் ஆண்டுக் கட்டுரையில் பில்லாந்தஸ் அமாரஸ். புளும்பெர்க்கும் அவருடைய தோழர் ஒருவரும், வளரும் சூழலாலும் இன வேறுபாட்டாலும் இச்செடியின் ஆற்றல் எவ்வாறு மாறுகிறது என்பதையே தனி ஆராய்ச்சியாக எடுத்து 1991இல் வெளியிட்டார்கள்.

சரக்கு இன்னதென்று உறுதிப்படாதவரையில், பயன் கிடைக்காதபோது மூலிகை தோற்றதா அல்லது மூட்டை தோற்றதா என்று எவராலும் சொல்ல முடியாது. உழவர் செய்யும் சிறு அலட்சியம் ஆராய்ச்சிக்கூடம் வரை சென்று குழப்பம் விளைவிக்கும். அதற்கு முன்பே ஒரு நோயாளியின் வயிற்றையும் அடைந்துவிடும்.

முதற் பாடம்: இனம் அறிதல்

நம் நாட்டுத் தாவர நூல்களில் நெடுங்காலம் ‘பில்லாந்தஸ் நிரூரி’ என்ற ஒரே பெயரில் அடங்கியிருந்தவை உண்மையில் அமாரஸ், பிரட்டர்னஸ், டெபிலிஸ் என்னும் மூன்று இனங்கள் என்பதை 1985இல் இந்தியத் தாவர இயலார் தெளிவாக்கினர். தென்னிந்திய மூலிகைக் கடைகளின் சரக்கைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 76 விழுக்காட்டு மாதிரிகளே பெரும்பாலும் அமாரஸ் இனமாக இருந்தன. மீதி 24 விழுக்காட்டில் வேறு ஐந்து இனங்கள் காணப்பட்டன. நமது வயலில் ஒன்றாகத் தோன்றும் மேலாநெல்லியும், செந்நிறத் தண்டுள்ள இனமும் அவற்றில் அடங்கும்.

அமாரஸ் இனத்தை அறிவது கடினமன்று. சிறு பூவை ஒரு பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், பூவின் இதழ் போன்ற மடல்கள் ஐந்து இருக்கும். பிரட்டர்னஸ், டெபிலிஸ் இனங்களில் ஆறு இருக்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு இனம். பரிசோதனைக்கூடத்தில் அமாரஸை அடையாளம் காட்டும் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்னும் பொருள்கள் மேலாநெல்லியிலும் பிரட்டர்னஸிலும் தென்படவில்லை என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஆகவே ஒரு கூடை மேலாநெல்லி கலந்தால், எடை கூடும், சரக்கு தாழும்.

இரண்டாம் பாடம்: நிலமும் நீரும்

செடி தான் நிற்கும் மண்ணில் உள்ள நல்லதையும் உறிஞ்சும், தீயதையும் உறிஞ்சும். மூலிகைச் சரக்கில் ஈயம் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கும், காட்மியம் 0.3 பங்குக்கும் மேற்படக் கூடாது என்பது விதி. நமது ஊரில் தொழிற்பேட்டை உண்டு. மயிலம் சாலையில் இரவு பகலாக வண்டிகள் ஓடுகின்றன. இன்ன இடத்து மண் கெட்டது என்று சோதிக்காமல் சொல்வது நியாயமன்று. எனினும் சாலையோரம், ஆலைக் கழிவுநீர் செல்லும் வாய்க்காலோரம், குப்பை கொட்டும் இடம், பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பு ஆகியவற்றிலிருந்து மூலிகை பறிப்பதில்லை என்று சங்கம் ஒரு கட்டுப்பாடு செய்துகொள்வது அவசியம். ‘தானாக முளைத்தது, ஆகவே தூயது’ என்பது தவறான முடிவு.

தனியாகப் பயிரிடுவோர், விதையை ஒரே இடத்திலிருந்து பெற்று, தொழு உரமிட்டு, நீர் தேங்காத பாத்தியில் வளர்த்தல் நன்று. மிகுந்த நீரும் மிகுந்த இரசாயன உரமும் செடியைக் கொழிக்கச் செய்யும். ஆனால் எடை கூடுவது வேறு. சத்து கூடுவது வேறு. இரண்டையும் ஒன்றென்று கருதக் கூடாது.

மூன்றாம் பாடம்: அறுக்கும் பருவம்

மேலே சொன்ன பில்லாந்தின் பெரும்பாலும் இலையில் இருக்கிறது, தண்டில் சொற்பமே. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்தால், அறுவடையின் விதிகள் எல்லாம் தாமே விளங்கும். நட்ட 80 முதல் 100 நாட்களுக்குள், செடி பசுமையாகவும் இலை நிறைந்தும் நிற்கையில் அறுக்க வேண்டும். மேலும் காத்திருந்தால் இலை உதிர்ந்து தண்டு முற்றும். மூட்டை கனக்கும், மருந்து குறையும். மழை பெய்துகொண்டிருக்கும்போதும் காலைப் பனி உலராதபோதும் அறுக்கலாகாது. இலையில் தெறித்த சேற்றை நல்ல நீரில் விரைவாக அலசி, நீரை வடித்துவிட வேண்டும். ஊற வைக்கக் கூடாது.

நான்காம் பாடம்: உலர்த்துதல்

நமது ஊர்களில் அதிகச் சரக்கு கெடுவது இந்தக் கட்டத்தில்தான். கீழாநெல்லியின் சிற்றிலை உலர்ந்தவுடன் உதிர்ந்துவிடும். வெறுந்தரையிலும் தார்ச்சாலையிலும் காய வைத்தால், இலை மண்ணோடும் காற்றோடும் போய்விடும். நாம் அள்ளிக் கட்டுவது வெறுங்குச்சி. மருந்தைத் தரையில் விட்டு, விறகை விற்ற கதையாக முடியும்.

ஆகவே, நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில், சுத்தமான துணியின் மேல் மெல்லியதாகப் பரப்பி, நாள்தோறும் புரட்டிவிட வேண்டும். உதிர்ந்த இலையையும் தண்டோடு சேர்த்தே மூட்டை கட்ட வேண்டும். பழைய வேட்டியும் தறியில் மிஞ்சிய துண்டும் இதற்குப் போதும். நெசவாளர் அங்கத்தினர் இதில் உதவலாம். தண்டை ஒடித்தால் ‘சடக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரம் உள்ள மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். அப்பூஞ்சணங்களுள் சில உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு, ஈரலையே தாக்கக் கூடியது. ஈரலுக்கு நல்லது என்று நம்பி வாங்குபவருக்கு ஈரலைக் கெடுக்கும் பொருளைக் கொடுப்பதைவிடப் பெரிய பிழை வேறென்ன உண்டு?

மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல், மரப்பலகையின் மேல் அடுக்க வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் உள்ள அறையில் வைத்தல் கூடவே கூடாது.

ஐந்தாம் பாடம்: வடித்தெடுத்தல்

சாறு, கற்கம், குடிநீர், சூரணம் என்று மூலிகையை வழங்கும் முறை பல. எல்லாம் ஒரே செடிதானே என்று கேட்கலாம். செடி ஒன்று, மருந்து ஒன்றன்று. பில்லாந்தின் போன்ற பொருள்கள் நீரில் எளிதில் கரைவதில்லை, சாராயத்தில் கரையும். ஜெரானின் முதலிய துவர்ப்புப் பொருள்கள் நீரில் இறங்கும். ஆனால் நெடுநேரம் கொதித்தால் சிதைந்து வேறு பொருளாக மாறும். ஆகவே குடிநீரில் இருப்பது ஒன்று. சாராயத்தில் வடித்த சத்தில் இருப்பது மற்றொன்று. முழுச் செடியின் பொடியில் இரண்டும் உள்ளன. ஒரு முறையில் கண்ட பயனை மற்றொரு முறைக்கு அப்படியே உரிமை கொண்டாடக் கூடாது.

நெசவாளர் அங்கத்தினருக்கு இது புதிய செய்தியன்று. கடுக்காய்த் துவரோடு இரும்பு சேர்ந்தால் கருநிறம் பிறப்பதைச் சாயக்காரர் அறிவர். துவர்ப்புள்ள மூலிகையை இரும்புப் பாத்திரத்தில் காய்ச்சினாலும் அதே மாறுதல் நிகழும். புதுச்சேரியின் நீலத்துணி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவின் செனெகல் வரை கப்பலேறியது. அவுரி இலையிலிருந்து நல்ல நீலம் கிடைப்பது இலையை மட்டும் பொறுத்ததன்று. அறுத்த பருவமும் ஊறல் பக்குவமும் சேர்ந்தே அந்த நிறத்தைத் தந்தன.

வெவ்வேறு தொட்டியில் தோய்த்த நூலை ஒரே பாவில் ஓட்டினால் சேலையில் பட்டை விழும், வாங்குபவர் கண்டுகொள்வார். மூலிகையிலோ பட்டை விழுவது கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே அதில் நேர்மையும் குறிப்பேடும் இரு மடங்கு வேண்டியிருக்கின்றன.

சங்கம் செய்யத்தக்கது

தனி உழவர் ஒருவர் இவ்வளவையும் செய்து, பரிசோதனைச் செலவையும் தாங்குவது கடினம். கூட்டுறவின் பயன் இங்கேதான் புலப்படும். 1944இல் சென்னையில் நாட்டு மருத்துவர்கள் ஒன்றுகூடி, ‘இம்ப்காப்ஸ்’ என்று வழங்கும் கூட்டுறவு மருந்துச் சாலையை நிறுவினர். நல்ல மருந்தைத் தாமே செய்துகொள்வது அவர்களது நோக்கம். மருந்து செய்வோர் கூடியதுபோலச் சரக்கு விளைவிப்போரும் கூடினால்தான் அந்த வேலை நிறைவெய்தும்.

ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சீட்டு இணைத்தல் முதற்படி. நிலத்தின் அடையாளம், விதை வந்த இடம், நட்ட நாள், அறுத்த நாள், உலர்த்திய நாட்கள், அங்கத்தினர் எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2003இல் மூலிகை பயிரிடுவோருக்காக வெளியிட்ட வழிகாட்டியும் இத்தகைய குறிப்பை வற்புறுத்துகிறது. அடுத்தபடி, எடைக்கு மட்டும் விலை கொடுக்காமல், இலை நிறைந்த உலர்ந்த சரக்குக்குக் கூடுதல் விலை வைத்தல். எடைக்கே விலை என்றிருக்கும் வரையில் ஈரமும் குச்சியும் மூட்டையை விட்டு நீங்கா. மூன்றாவதாக, சோதிக்காத மூட்டையைச் சோதித்த மூட்டையோடு கலவாதிருத்தல். ஒருவர் மூட்டையின் பூஞ்சணம் பத்துப் பேரின் உழைப்பைப் பாழாக்கும்.

இறுதியாக ஒரு சொல். தரமான கீழாநெல்லியை விளைவிப்பது நமது தொழில். அது இன்ன நோயைத் தீர்க்கும் என்று சந்தையில் கூறுவது நமது தொழிலன்று. கண்ணில் மஞ்சள் கண்டவர் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் சென்று, காரணம் அறிந்து சிகிச்சை பெற வேண்டும். நாம் கொடுக்கும் உறுதி ஒன்றே: இந்த மூட்டையில் இருப்பது, மேலே எழுதியிருப்பதுதான். அந்த உறுதியைக் காப்பாற்றும் சங்கத்தை வாங்குவோர் தேடி வருவர்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

1. நம் வயல்களில் கீழாநெல்லியை ஒத்த செடிகள் எத்தனை உள்ளன? பூவைப் பார்த்துப் பிரித்தறிக.

2. நம் ஊரில் மூலிகை பறிக்கத் தகாத இடங்கள் எவை? பட்டியல் எழுதுக.

3. இலை உதிராமல் உலர்த்தப் பொதுக் கொட்டகை ஒன்று அமைக்க என்ன செலவாகும்?

4. எடையோடு தரத்திற்கும் விலை வைப்பதாயின், தரத்தை யார், எவ்வாறு தீர்மானிப்பது?